பிரேக் மாஸ்டரின் நாலு தட்டு கிரனோலா

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பிரேக் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பயிற்சி வண்டியில் ஓட்டுபவரின் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து அவருடைய வலது காலுக்குத் தனியாக ஒரு புத்தியே வளர்ந்துவிட்டது. பஸ்ஸில் போனால் மிதிக்கும், லிஃப்டில் இறங்கினாலும் மிதிக்கும். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது படத்தில் ஒரு கார் வளைவில் சறுக்கினால், பக்கத்தில் இருக்கும் மனைவியின் கால்விரல் நசுங்கும்.

கால் விஷயத்தில் யாருக்கும் குறையில்லை. பிரச்சினை வாய்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "மாஸ்டர், உங்க கால் தங்கம். வாய் இருக்கே, அது தகரம். கேக்கறவன் காது கிழியுது." அதற்கு மாஸ்டர் கண்டுபிடித்த மருந்து மிட்டாய். கன்னத்தில் ஒரு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டால் கத்த முடியாது. கத்தினால் மிட்டாய் தொண்டைக்குள் போய்விடும். ஒரு மாணவருக்கு ஒரு மிட்டாய், கொஞ்சம் மோசமான மாணவருக்கு இரண்டு. ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது என்று இருபத்தோரு வருஷம் ஓடியது. அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் அவரைச் சாந்த சொரூபி என்றே நினைத்திருந்தார்கள்.

லைசென்ஸ் புதுப்பிக்க ரத்தப் பரிசோதனை கேட்டார்கள். அவர் மனைவி வேலை பார்ப்பதே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். அவளே ஊசி போட்டு எடுத்தாள், அவளே சாயந்திரம் கவரோடு வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"இருநூத்திப் பத்து."

"எத்தனைக்கு?"

"என்னது எத்தனைக்கு?"

"மொத்தம் எத்தனைக்குன்னு கேக்கறேன்."

"இது மார்க் இல்லைங்க, சர்க்கரை! வெறும் வயித்துல நூறை ஒட்டி இருக்கணும்."

"அப்ப நான் ரெண்டு மடங்கு பாஸ்," என்றார் மாஸ்டர்.

அவள் சிரிக்கவில்லை. நேராகப் போய் அவருடைய சட்டைப் பை, கால்சட்டைப் பை, தோள்பை எல்லாவற்றையும் கட்டிலில் கவிழ்த்தாள். நாற்பத்து மூன்று மிட்டாய்கள். மறுநாள் அவை பரிசோதனை நிலையத்தில், ஊசிக்கு அழும் குழந்தைகளுக்கென்று ஒரு கண்ணாடி ஜாடிக்குள் போய் உட்கார்ந்தன. மாஸ்டருக்கு மாத்திரையும் நடைப்பயிற்சியும் வந்து சேர்ந்தன.

மிட்டாய் போன நாலே நாளில் தகரம் பழையபடி சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு கல்லூரிப் பெண் வண்டியை நடுச்சாலையில் நிறுத்தி, இறங்கி, டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனாள். ஒரு தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கியர் மாற்றினார். ஐந்தாம் நாள் பல் டாக்டரம்மாவின் முறை வந்தது.

நாற்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாகப் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். லைசென்ஸ் தேர்வில் நாலு முறை தோற்றவர். கெட்டிக்காரர்தான், ஆனால் இடது வலது மட்டும் குழம்பிவிடும். அதற்குக் காரணமும் தொழில்தான். இருபது வருஷமாக எதிரே படுத்திருப்பவரின் வாயைப் பார்த்தே வேலை செய்பவர். அவர்களுடைய இடது இவருக்கு வலது.

"இடது பக்கம் திரும்புங்க," என்றார் மாஸ்டர்.

டாக்டரம்மா வலது பக்கம் திருப்பினார்.

"இடதுங்க! இடது!"

"உங்க இடதா, என் இடதா?"

"வண்டிக்குள்ள ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்துட்டுத்தானேங்க உக்காந்திருக்கோம்! எனக்கு ஒரு இடது, உங்களுக்கு ஒரு இடதுன்னு கம்பெனிக்காரன் தனித்தனியா செஞ்சா குடுப்பான்? சாப்பிடற கை எதுன்னாவது தெரியுமா?"

டாக்டரம்மா வண்டியை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "மாஸ்டர், என் நாற்காலியில உக்காந்து, வாய்க்குள்ள மெஷின் ஓடும்போது கூட, யாரும் என்கிட்ட இப்படிக் கத்தினதில்ல," என்றார்.

முதலாளி அன்று மாலையே கூப்பிட்டார். "நாளையிலேருந்து வாயில எதையாவது போட்டுக்கிட்டு வாங்க மாஸ்டர். இல்லன்னா நானே ஊசி நூல் வாங்கி வந்து தைச்சு விட்டுடுவேன்."

சர்க்கரையில்லாத சூயிங்கம் மென்று பார்த்தார். ஏப்பம் ஏப்பமாக வந்தது. கேரட் துண்டுகள் கொண்டுபோனார். இரண்டு கிலோமீட்டருக்குள் தீர்ந்துவிட்டன. அப்போதுதான் மனைவி கடையிலிருந்து ஒரு கிரனோலா பாக்கெட் வாங்கி வந்தாள். ஓட்ஸும் கொட்டைகளும் காய்ந்த பழமும் மொறுமொறுவென்று. ஒரு கைப்பிடி போட்டு மென்ற மாஸ்டரின் முகத்தில் இத்தனை நாளாகக் காணாமல்போன வெளிச்சம் வந்தது. அதற்குள் அவள் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்க எழுத்துகளைப் படித்துவிட்டாள்.

"துப்புங்க."

"ஏன்?"

"சர்க்கரை மூணு வேற வேற பேர்ல ஒளிஞ்சிருக்கு. துப்புங்கன்னேன்!"

துப்பவில்லை, விழுங்கிவிட்டார். விழுங்கிய வேகத்தில் ஒரு வீராப்பும் வந்தது. "அப்ப நானே செய்றேன்."

அவள் தூக்கிவாரிப்போட்டாற்போல் அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் சமையலறைக்குள் போனது தண்ணீர் குடிக்க, அல்லது சண்டையைத் தொடர. ஓவனுக்குள் அவள் பழைய வாணலிகளை அடுக்கி வைத்திருந்தாள். அவர் அதை ஒரு அலமாரி என்றே நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் தட்டு. ஓட்ஸ், முந்திரி, பாதாம், தேங்காய்ச் சீவல் எல்லாவற்றையும் பாத்திரத்தில் கொட்டி, அரை பாட்டில் தேனையும் ஊற்றிப் பிசைந்து, ஓவனில் வைத்தார். வீடு முழுக்க வாசனை. பொன்னிறமாக வந்தது. பக்கத்து வீட்டுக் கதவு கூட ஒரு முறை திறந்து மூடியது. ஒரு கிண்ணம் சாப்பிட்டு முடித்து, இன்னொரு கிண்ணத்தை நிரப்பும்போது மனைவி விரல் குத்தும் சின்ன மெஷினோடு வந்து நின்றாள்.

"விரலைக் குடுங்க."

மெஷின் இருநூற்று எண்பது என்றது.

"சர்க்கரை ஒரு துளி கூடப் போடலையே!"

"தேன்ல என்ன இருக்கும்னு நினைச்சீங்க?"

மாஸ்டர் யோசித்தார். "பூ," என்றார்.

தேன் பாட்டில் அவள் கைக்குப் போனது. வெல்லம், பேரீச்சம்பழப் பாகு என்று அவர் அடுத்தடுத்துச் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். "இனிப்பு வேணும்னா பழம் போடுங்க. அதுவும் கொஞ்சமா. கைநிறைய அள்ளக் கூடாது, ஸ்பூன்."

அடுத்த ஞாயிறு பழத்தோடு இறங்கினார். அன்னாசி, மாம்பழம், பப்பாளி மூன்றையும் வெட்டி, ஓட்ஸிலும் கொட்டைகளிலும் போட்டு, ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து சேர்த்து ஓவனில் தள்ளினார். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் உள்ளே வீடு கட்டுகிற கலவை மாதிரி ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. பழத்தில் இருந்த தண்ணீர் எல்லாம் ஓட்ஸுக்குள் இறங்கிவிட்டது. ஆறினால் சரியாகிவிடும் என்று டப்பாவில் போட்டு மூடி வைத்தார். புதன்கிழமை காலை திறந்தபோது அதற்குத் தாடி வளர்ந்திருந்தது.

"பழத்தை முதல்ல காய வைக்கணும்," என்றாள் மனைவி. "கடைசியா, எல்லாம் ஆறினப்புறம் கலக்கணும்."

காய வைப்பது எங்கே? மூன்றாவது மாடி வீடு. பால்கனியில் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஓவனில் வைத்தால் நாள் முழுக்க எரிய வேண்டும். மாஸ்டர் அன்று முழுக்க இதே நினைப்பாக இருந்தார். வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு இடைவேளை முடிந்து, பயிற்சி வண்டியின் கதவைத் திறந்தவர் உள்ளேயிருந்து அடித்த அனலில் ஒரு அடி பின்னால் போனார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி முற்றத்தில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கண்ணாடி ஏற்றி நிற்கும் வண்டி. ஸ்டியரிங்கைத் தொட்டால் கை பொசுங்கும். அவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

மறுநாள் முன் கண்ணாடிக்கு அடியில் மூன்று தட்டுகள். காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவிய அன்னாசி, மாம்பழம், கொய்யா. மேலே ஒரு வலைத்துணி. பின் கண்ணாடிக்கு அடியில் தேங்காய்ச் சீவல். வெள்ளி, சனி, திங்கள் என்று மூன்று மத்தியானம் போதுமாக இருந்தது. அன்னாசி தோல் மாதிரி மடங்கியது. மாம்பழம் வெளிச்சத்தில் கண்ணாடி போல மின்னியது. கொய்யா மட்டும் கொஞ்சம் கரகரவென்று இருந்தது, அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

முதலாளி செவ்வாய்க்கிழமை வண்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"மாஸ்டர், இது பயிற்சி வண்டியா, பழக்கடையா?"

"வாசனைக்குன்னு பாட்டில் வாங்கி மாட்டறோமே சார், அதுக்கு இது தேவலையில்ல?"

முதலாளி யோசித்துப் பார்த்தார். மாட்டியிருந்த பாட்டில் காலியாகி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஒரு மாம்பழத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

மூன்றாவது தட்டுக்கு எல்லாம் தயார். ஒட்டவைக்க மட்டும் ஏதாவது வேண்டும். இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சேர்த்தால் கட்டிகட்டியாகப் பிடிக்கும் என்று மனைவியின் பரிசோதனை நிலையத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். மாஸ்டர் இரண்டுக்குப் பதில் நாலு போட்டார். ஆளி விதையை அரைத்துத் தண்ணீரில் குழைத்து அதையும் ஊற்றினார். முழு பாதாமை அப்படியே போட்டார். பழத்தை இப்போதே கலந்துவிட்டால் பிறகு மறந்துபோகாதே என்று கொய்யாவையும் போட்டார். கரண்டியின் அடியால் அழுத்து அழுத்தென்று அழுத்தி, இருபத்தைந்து நிமிஷம் வைக்க வேண்டியதை ஒன்றரை மணி நேரம் வைத்தார். நன்றாக மொறுமொறுக்கட்டும் என்று.

அது தட்டை விட்டு வரவில்லை. கத்தி வளைந்தது. கடைசியில் கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தார். மனைவி ஹாலிலிருந்து, "என்னங்க, ஆணி அடிக்கறீங்களா?" என்று கேட்டாள். "சமைக்கறேன்," என்றார்.

ஆனாலும் ருசி நன்றாக இருந்தது. விரல் குத்திப் பார்த்தாள். எண் ஏறவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் மெஷினை மூடி வைத்தாள். அவளிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது என்று மாஸ்டருக்குத் தெரியும்.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் வகுப்பு. டப்பா மாஸ்டரின் மடியில் இருந்தது. ஒரு கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டார். டாக்டரம்மா இடது என்றால் வலது போனார், வலது என்றால் சந்தேகப்பட்டு நின்றார். மாஸ்டர் மென்றுகொண்டே "பரவால்ல, பரவால்ல" என்றார். கோபம் வர வர மெல்லும் வேகம் கூடியது. கடைத்தெரு முனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. டாக்டரம்மா பிரேக்கை மிதித்தார். மாஸ்டரும் மிதித்தார். இரண்டு பிரேக்கும் ஒன்றாகப் பிடிக்க, வண்டி குலுங்கி நிற்க, மாஸ்டரின் பல் கட்டியின் மேல் முழு வேகத்தில் இறங்கியது.

"டக்" என்று ஒரு சத்தம். சைக்கிள்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டரம்மாவுக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "கடவாய்ப் பல்லு," என்றார். "மேல் வரிசையா, கீழா?"

மாஸ்டர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஒரு விரலைக் கீழே காட்டினார்.

"வாயைத் திறக்காதீங்க. பேசாதீங்க. அப்படியே இருங்க."

அதற்குப் பிறகு நடந்ததை மாஸ்டர் வாழ்நாளில் மறக்கமாட்டார். டாக்டரம்மா கண்ணாடியைப் பார்த்தார். சிக்னல் போட்டார். கடைத்தெரு நெரிசலில் ஒரு லாரிக்கும் ஒரு தள்ளுவண்டிக்கும் நடுவே வெண்ணெயில் கத்தி போவது மாதிரிப் போனார். ரவுண்டானாவில் இடது, பெட்ரோல் பங்க் தாண்டி வலது, மறுபடி இடது. ஒன்று கூடத் தப்பவில்லை. மாஸ்டரின் கால் பிரேக்கின் மேலேயே காத்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை கூட அழுத்த வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே பின்னோக்கி ஒரே முயற்சியில் நிறுத்தி, சாவியைத் திருப்பி, "இறங்குங்க," என்றார்.

மாஸ்டர் பாராட்டத்தான் வாயைத் திறந்தார். காற்று பட்டதும் மூடிக்கொண்டார்.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. இருபத்திரண்டு வருஷம் ஆயிரக்கணக்கான பேரிடம் பயப்படாதே பயப்படாதே என்று சொன்ன மனிதர், கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தார்.

"வாயைத் திறங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். தாராளமா திறங்க மாஸ்டர், இங்க பார்க்கிங் இடைஞ்சல் ஒண்ணும் இல்ல."

மெஷின் கிர்ரென்று கிட்டே வந்தது. மாஸ்டரின் வலது கால் நாற்காலியின் கால்பலகையை ஓங்கி மிதித்தது.

"இங்க பிரேக் என்கிட்டதான் இருக்கு," என்றார் டாக்டரம்மா.

உண்மைதான். மாஸ்டர் கடைக்கண்ணால் கீழே பார்த்தார். அந்த மெஷினை ஓட்டுவதே தரையில் இருந்த ஒரு பெடல். டாக்டரம்மாவின் வலது கால் அதன் மேல் இருந்தது. மெதுவாக அழுத்தினார், மெஷின் பாடியது. மயிரிழை அளவு விட்டார், சத்தம் தாழ்ந்தது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை. இந்தக் காலா என் ஆக்சிலரேட்டரை அந்தப் பாடு படுத்தியது என்று மாஸ்டருக்கு வலியிலும் ஆச்சரியம்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா இடுக்கியில் எதையோ எடுத்து விளக்குக்கு நேரே காட்டினார். "கொய்யா விதை. வெயில்ல காய்ஞ்சு, ஓவன்லயும் வெந்து, கல்லாயிருக்கு. பல்லுல முன்னாடியே ஓட்டை இருக்கு. மிட்டாய் சாப்பிடற பழக்கம் உண்டா?"

மாஸ்டர் வாய் நிறையப் பஞ்சோடு, இல்லை என்று தலையாட்டப் பார்த்து, பிறகு ஆமாம் என்று ஆட்டினார்.

பஞ்சை எடுத்ததும் அவர் முதலில் சொன்ன வார்த்தை குழறலாக வந்தது. "டாக்டர், ஆக்சிலரேட்டரை... உங்க மெஷின் பெடல் மாதிரி நினைச்சுக்குங்க."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே நின்றுவிட்டார். "இதை ஏன் நீங்க முதல் நாளே சொல்லல?"

"உங்க பெடலை நான் இன்னைக்குத்தானே பாக்கறேன். அப்புறம் அந்த இடது வலது... நீங்க வண்டில டாக்டர் இல்ல. நாற்காலியில படுத்திருக்கற ஆள். அவங்க இடதுதான் உங்க இடது."

டாக்டரம்மா வாய்க்குள்ளேயே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். இடது கையைத் தூக்கினார். சரியான கைதான்.

அதன்பின் மாஸ்டரின் கிரனோலாவுக்கு இரண்டு அதிகாரிகள் ஆனார்கள். மனைவிக்குச் சர்க்கரை கூடாது. டாக்டரம்மாவுக்கு, கடினமாக எதுவும் கூடாது. "பாதாமைச் சீவிப் போடுங்க, முழுசா போடாதீங்க," என்றார் ஒருவர். "முந்திரியைக் குறைங்க," என்றார் இன்னொருவர். மாஸ்டர் நாலாவது தட்டில் எல்லோர் சொல்லையும் கேட்டார். கொய்யாவின் நடுச்சதையை விதையோடு வழித்தெடுத்துவிட்டுத் தோல்பகுதியை மட்டும் காய வைத்தார். ஒரே ஒரு வெள்ளைக்கரு, இரண்டு ஸ்பூன் அரைத்த நிலக்கடலை, ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. இனிப்பு இல்லாத குறை தெரியாமல் இருக்கப் பட்டைத் தூள். குறைந்த சூட்டில் இருபத்தைந்து நிமிஷம், நடுவில் ஒரு தடவை கிளறி விட்டார். எடுத்ததும் தொடாமல் ஆற வைத்தார். தொடாமல் இருப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார். ஆறிய பிறகு, கடைசியாகப் பழம்.

வாயில் போட்டால் முதலில் பட்டை வாசனை, பிறகு தேங்காய், நாலைந்து கடிக்கு ஒரு முறை அன்னாசியின் புளிப்பு. மொறுமொறுத்தது, ஆனால் பல்லோடு சண்டைக்கு வரவில்லை. மனைவி விரலைக் குத்தினாள். நூற்று நாற்பது. பிறகு டப்பாவிலிருந்து தனக்கு ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டாள். ஸ்பூன் என்று சொன்னவள்தான்.

டாக்டரம்மா ஐந்தாவது முறை தேர்வுக்குப் போனபோது மாஸ்டர் மைதானத்து வேலிக்கு வெளியே டப்பாவோடு நின்றார். அதிகாரி பக்கத்தில் உட்கார, வண்டி எட்டுப் போட்டது. மேட்டில் நின்று கிளம்பியது. இடது என்றபோது இடது போனது. வேலிக்கு இந்தப் பக்கம் மாஸ்டரின் கால் புல்லை மிதித்து மிதித்துப் பள்ளமாக்கியது. ஒரு வாரத்துக்கென்று கொண்டுவந்த கிரனோலா அரைமணி நேரத்தில் தீர்ந்தது. டாக்டரம்மா தாளை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தபோது பாராட்டக்கூட முடியவில்லை. வாய் நிறைய ஓட்ஸ்.

வண்டிக்குள் மாஸ்டரின் குரல் அதற்கப்புறம் ஏறவேயில்லை என்று முதலாளி சொல்கிறார். சர்க்கரையும் மெதுவாக இறங்கி, நூற்று முப்பதில் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மாஸ்டருடையது. மனைவி உள்ளே வந்தால் உதவிக்குத்தான் வரலாம்.

போன வாரம் அப்படித்தான் வந்தாள். ஓவனைத் திறந்து, நடுவில் ஒரு முறை கிளற வேண்டிய நேரம். கரண்டி அவள் கையில். மாஸ்டர் பின்னால் நின்றார்.

"மெதுவா... மெதுவாங்கறேன்... ஓரத்தைப் பாரு, ஓரம் கருகுது! இடது பக்கம் திருப்பு! அட, இடதும்மா! கண்ணு எங்க இருக்கு உனக்கு? தட்டைப் பாத்துக் கிளறு!"

அவள் கிளறுவதை நிறுத்தினாள். கரண்டியை அவர் கையில் வைத்தாள். அலமாரியில் இருந்த போன வாரத்து டப்பாவை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய் டிவியைப் போட்டாள்.

மாஸ்டர் தட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "நான் அப்படியா சொன்னேன்? இங்க வாயேன்," என்று கொஞ்சலாகக் கூப்பிட்டார். டிவி சத்தத்துக்கு மேலே, அவள் நிதானமாக மெல்லுகிற சத்தம் மட்டும் சமையலறை வரை கேட்டது.